முதல் பிரதி யாருக்கு

அண்ணாச்சிக்கு முன்பல் இரண்டு கிடையாது. ஒன்று ஒரு கவிதைத் தொகுப்புக்காகப் போனது, இன்னொன்று ஒரு நாவலுக்காக. இரண்டையும் அவர் எழுதவில்லை. அச்சடித்துப் புத்தகமாகப் போட்டவர், அவ்வளவுதான். நாவல் என்னுடையது என்பதால் இரண்டாவது பல்லைப் பற்றி நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

கோவில்பட்டியில் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் அவருடைய அச்சகம் இருந்தது. முன்னால் மெஷின், பின்னால் வீடு, நடுவில் ஒரு துணித் திரை. தீப்பெட்டி லேபிள் அடிப்பதுதான் சோறு போட்ட வேலை. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் போஸ்டர். காலையில் ஒரு வேட்பாளரை மண்ணின் மைந்தர் என்று அடித்துக் கொடுப்பார். சாயங்காலம் அவரை எதிர்த்து நிற்கிறவரையும் அதே மண்ணின் மைந்தராக, அதே சிவப்பு எழுத்தில் அடித்துக் கொடுப்பார். கேட்டால், ரெண்டு பேரும் பொய், மை மட்டும்தான் நெசம் என்பார். இந்த வேலைகளுக்கு நடுவே வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ புத்தகம் போட்டார்.

அவர் இறந்தபோது சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை என்னிடம் அஞ்சலிக் கட்டுரை கேட்டது. கோபக்காரர், ஆனால் குழந்தை மனசு என்கிற மாதிரி எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எனக்கு வந்ததே ஆத்திரம். ஒரு மனிதன் செத்த உடனே அவனைக் குழந்தையாக்கிவிடுகிற வேலையை நம் இலக்கிய உலகம் எங்கே படித்ததோ தெரியவில்லை. அவர் குழந்தை இல்லை. கை நீட்டுகிற மனிதர். அந்தக் கையை விட்டுவிட்டு அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது. நான் அந்தக் கட்டுரையைக் கொடுக்கவில்லை.

புத்தகம் போடுவதில் அவர் ஒரு முறை வைத்திருந்தார். மற்றவர்கள் எப்படி வெளியிடுவார்கள் என்று நமக்குத் தெரியும். மேடை, பொன்னாடை, ஒருவர் வெளியிட இன்னொருவர் முதல் பிரதியைப் பெற்றுக்கொள்வார். பெற்றுக்கொள்கிறவர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். அண்ணாச்சிக்கு இது ஆகாது. பைண்டிங் பசை காய்ந்ததும் முதல் பிரதியைத் துண்டில் சுற்றிக்கொண்டு மொபெட்டில் ஏறுவார். அந்தப் புத்தகத்தைப் படித்தால் யாருக்கு அதிகமாக வலிக்குமோ, அந்த ஆள் வீட்டுக்கு நேரே போவார். வணக்கம் வைத்து இரண்டு கையாலும் நீட்டுவார். இன்ன பக்கத்தில் உங்களைப் பற்றி வருகிறது என்று சொல்லிவிட்டு, "படிச்சிட்டுச் சொல்லுங்க. நான் இங்கனதான் நிக்கேன்" என்பார். சொன்னபடி நிற்பார். அடி விழுந்தாலும் நிற்பார்.

"முதுகுக்குப் பின்னால சொன்னா அது பொரணிலே. மூஞ்சிக்கு நேரா நீட்டுனாத்தான் எழுத்து" என்பது அவருடைய கட்சி. இந்தக் காலத்தில் அப்படியொரு கட்சியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர்.

அடி வாங்குவதிலும் அவருக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. படித்துவிட்டு அடித்தால் வாங்கிக்கொள்வார். படிக்காமல் அடித்தால் திருப்பிக் கொடுப்பார். வாங்கிக்கொண்டு அச்சகத்துக்குத் திரும்பியதும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு நாற்காலியில் உட்காருவார். எழுதியவன் பதறிப்போய் நிற்பான். அவனை ஏறிட்டுப் பார்த்து, "நல்லாத்தாம்லே எழுதியிருக்க" என்பார். அதற்குமேல் விமர்சனம் கிடையாது. எனக்கு அப்புறம் பெரிய பெரிய ஆட்களிடமிருந்து மதிப்புரை வந்திருக்கிறது. எதுவும் அந்த வார்த்தைக்கு ஈடாகவில்லை.

நான் அப்போது ஒரு ஸ்பின்னிங் மில்லில் டைம் ஆபீசில் வேலை பார்த்தேன். தொழிலாளிகள் வந்து போகிற நேரத்தைக் குறிக்கிற வேலை. குறித்துக்கொண்டே மழையைப் பற்றிக் கவிதை எழுதினேன். வானம் பார்த்த கரிசல் காட்டில் பிறந்தவனுக்கு மழையை விட்டால் வேறு என்ன காதலி கிடைப்பாள். அந்தக் கவிதைத் தாள்களைக் கட்டாகக் கட்டி அண்ணாச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுவதும் படித்தார். பிறகு எல்லாரிடமும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"முதல் பிரதிய யார்ட்ட கொண்டுபோய்க் கொடுக்க?"

எனக்கு விஷயம் தெரியாது. கிண்டலாக, மழைக்கிட்ட கொடுங்க அண்ணாச்சி என்றேன். கவிதைக் கட்டு அப்படியே என் மூஞ்சியில் வந்து விழுந்தது. மூக்கில் ரத்தம். தன் துண்டாலேயே துடைத்துவிட்டுக்கொண்டு சொன்னார், "மழ வந்து என்னய அடிக்குமாலே? அடிக்காதுல்லா. பெறகு எதுக்கு அச்சடிக்கணும்?"

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவரைத் திட்டாத திட்டில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இன்றுவரை ஒரு பத்தி எழுதி முடித்ததும், இதை யார் கையில் கொண்டுபோய்க் கொடுப்பாய் என்று அவர் குரலில்தான் கேட்டுக்கொள்கிறேன். பதில் இல்லையென்றால் அடித்துவிடுகிறேன். பேனாவால்தான்.

அவர் ஒரு காலத்தில் கட்சி மேடைகளில் பேசியவர். பேச்சு கேட்க வண்டி பிடித்து வருவார்களாம். ஓட்டப்பிடாரத்தில் ஒரு கூட்டத்தில், தன் கட்சிக்காரரே குளத்து மண்ணை அள்ளி விற்பதை, அந்த ஆள் அதே மேடையில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லிவிட்டார். அந்த ஆள் எழுந்து வந்து மைக்கைப் பிடுங்கப் பார்க்க, அண்ணாச்சி அந்த மைக்காலேயே அவர் மண்டையில் போட்டார். மைக் வேலை செய்துகொண்டிருந்தது. மண்டை உடைந்த சத்தம் ஸ்பீக்கர் குழாய் வழியாகக் கடைத்தெரு முழுக்கக் கேட்டதாம். அன்றோடு அரசியல் போயிற்று. அதைச் சொல்லும்போதெல்லாம், என் பேச்சுலயே அதுதான் நல்ல பேச்சு என்று சிரிப்பார். சிரிக்கும்போது பல் இல்லாததை மறைக்கக் கையால் வாயை மூடிக்கொள்வார்.

முதல் பிரதி கொடுக்கப் போய் அவர் அடி வாங்காமல் வந்ததும் உண்டு. ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி; தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அவருடைய ஆபீசில் தீப்பிடித்து ஒரு பெண் செத்ததை வைத்து ஒருவர் கதை எழுதியிருந்தார். முதலாளி நின்றுகொண்டே படித்தாராம். ஃபேனை நிறுத்திவிட்டு முழுக்கப் படித்தாராம். கடைசியில், கதவு பூட்டியிருந்தது என்று எழுதியிருக்கு, பூட்டவில்லை, சாத்தித்தான் இருந்தது, மற்றதெல்லாம் நடந்ததுதான் என்று சொல்லி, ஒரு காப்பி வரவழைத்துக் கொடுத்து அனுப்பினாராம். அந்தக் காப்பியைப் பற்றி அண்ணாச்சி எங்களிடம் சொல்லாத நாளில்லை. "அம்புட்டுப் பேர்லயும் அவன் ஒருத்தன்தாம்லே மனுசன். நின்னு படிச்சான்" என்பார்.

என் நாவல் எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப்பக்கத்து நிலங்களைப் பற்றியது. உளுந்தும் பருத்தியும் விளைந்த காட்டைச் சோலார் கம்பெனிக்கு வளைத்துக் கொடுத்த ஒரு கட்சிக்காரர் அதில் வருகிறார். கைநாட்டு வைத்த கிழவிகளும் வருகிறார்கள். அந்தக் கட்சிக்காரரை எல்லாரும் 'ஒன்றியம்' என்றுதான் கூப்பிடுவோம், ஒன்றியச் செயலாளர் என்பதன் சுருக்கம். முதல் பிரதியோடு அண்ணாச்சி கிளம்பியபோது நானும் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. வழியெல்லாம் அவர் என் மூன்றாம் அத்தியாயத்தில் வர்ணனை அதிகம் என்று சண்டை போட்டுக்கொண்டே வந்தார்.

ஒன்றியம் வாசலில் கார் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் புத்தகத்தை வாங்கி, உதடு அசையப் படித்தார். ஒரு பக்கம் தாண்டவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சுருட்டி அண்ணாச்சியின் வாயில் திணித்தார். பக்கத்தில் நின்றவன் கையிலிருந்த ஸ்பேனரால் முகத்தில் ஒரு போடு போட்டான். பல் பானெட்டில் வந்து தெறித்தது என் கண்ணுக்கு நேரே தெரிந்தது, ஏனென்றால் என்னை ஒருவன் முடியைப் பிடித்து அந்தக் காரின் பானெட்டிலேயே அமுக்கி வைத்திருந்தான். வெயிலில் கிடந்த தகரம். கன்னம் வெந்துவிட்டது. அண்ணாச்சி ஒன்றியத்தை ஒன்றும் செய்யவில்லை, அவர் படித்துவிட்டுக் கை வைத்தவர். ஸ்பேனர்காரன் படிக்கவில்லை. அவன் கட்டைவிரலைக் கடித்துத் துப்பாத குறைதான், அவன் அலறியது எதிர்த்த டீக்கடைவரை கேட்டது. பிறகு அவரைக் கீழே தள்ளி மிதித்தார்கள். விலாவில் மிதித்தார்கள். மண்ணோடு மண்ணாகக் கிடந்தவர் வாயிலிருந்த தாளை மென்று விழுங்கிவிட்டு ஒன்றியத்தைப் பார்த்து, "மிச்சப் பக்கமும் இருக்கு. படிங்க" என்றார்.

திரும்பி வருகிற வழியில் நான்தான் வண்டி ஓட்டினேன். என் முதுகில் அவர் ரத்தம் ஊறியது. ஆஸ்பத்திரிக்கு முன்னால் இறங்கும்போது சொன்னார், நல்லாத்தாம்லே எழுதியிருக்க. நான் ரோட்டிலேயே நின்று அழுதேன்.

இப்போது எனக்குச் சென்னையில் பதிப்பாளர்கள் இருக்கிறார்கள். நல்லவர்கள், ஏசி போட்ட ஆபீஸ். என் கையெழுத்துப் பிரதியை அங்கே முதலில் படிக்கிறவர் வக்கீல். ஊர்ப் பெயரை எடுத்துவிடுங்கள், கட்சி நிறத்தை எடுத்துவிடுங்கள், சாதியைப் பூடகமாகச் சொல்லுங்கள் என்று அவர் பென்சிலால் குறித்து அனுப்புவார். எல்லாவற்றையும் எடுத்த பிறகு புத்தகத்துக்குத் துணிச்சலான படைப்பு என்று பின்னட்டையில் போடுவார்கள். அடிக்கிறவனும் மாறிவிட்டான். நேரில் வருவதில்லை. போனில் வருகிறான், படிக்காமலே வருகிறான், அம்மாவை இழுத்துத் திட்டிவிட்டுப் போகிறான். ஒன்றியமாவது ஒரு பக்கம் படித்தார்.

இதுவரை சொன்னதைக் கேட்கிற யாருக்கும் அண்ணாச்சியைப் பிடித்துப்போகும். எங்களுக்கும் பிடித்துப்போயிருந்தது. சந்துக்கு வருகிற எழுத்தாளர்கள் எல்லாரும் அவர் பல்லைப் பற்றிப் பேசுவோம், எழுதுவோம், மேடையில் சொல்லிக் கைத்தட்டல் வாங்குவோம்.

திரைக்குப் பின்னால் மைனி இருந்தார், அவர் மனைவி. மைனிக்கு இடது காது கேட்காது. அண்ணாச்சி நாற்காலியில் இருந்தபடியே டீ என்று கத்துவார். மைனி அந்தப் பக்கம் திரும்பி நின்றால் கேட்காது. மறுபடி கத்துவார். மூன்றாவது தடவை கத்தமாட்டார், கையில் கிடைத்ததை எடுத்து வீசுவார். டம்ளர், பசை டப்பா, ஒருமுறை தாள் அழுத்தி வைக்கிற இரும்புக் கட்டை. அது திரையைக் கிழித்துக்கொண்டு போய் உள்ளே எதிலோ மோதியது. மைனி கொஞ்சம் கழித்து டீ கொண்டுவந்தார், நெற்றியில் முந்தானையைப் பொத்திக்கொண்டு. நாங்கள் டீ குடித்தோம். மெஷின் சத்தத்துல அவளுக்குக் காது போச்சு என்று அண்ணாச்சி சொல்வார். அந்த மெஷின் பக்கத்திலேயே நின்ற மெஷின்மேன் காதருக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும்.

ஒரே மகள், கயல்விழி. பள்ளிக்கூடத்தில் படிக்கிறபோதே எங்கள் புத்தகங்களுக்கெல்லாம் புரூஃப் பார்த்தவள். என் நாவலில் ஒரு கிழவி செத்த பிறகும் ஒரு இடத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தது அவள்தான். படித்துவிட்டுச் சென்னையில் ஒரு பதிப்பகத்தில் வேலைக்குப் போனாள். அண்ணாச்சிக்கு அவள்மேல் உயிர். அவளை அவர் அடித்து யாரும் பார்த்ததில்லை. எம் பிள்ள ஒருநாள் எழுதுவா, அன்னைக்கு எனக்கு மிச்சப் பல்லும் போகும் என்று சொல்லி வைத்திருந்தார்.

ஒரு தேர்தல் சமயம். பங்குனி வெயில். மெஷினில் போஸ்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் என் சிறுகதைத் தொகுப்பின் புரூஃபோடு மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஆட்டோ வந்து நின்று கயல் இறங்கினாள். சென்னை ரயிலில் வந்திருக்கிறாள். வீட்டுக்குள் போகவில்லை, பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அப்பாவுக்கு முன்னால் வந்து நின்று, பைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"அப்பா, முதல் பிரதி."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. வாயை மூடாமல் சிரித்தார். ஆணியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மொபெட் சாவியைத் தேடினார்.

"யாருக்குட்டி கொடுக்கணும்? சொல்லு தாயி. எந்த ஊர்க்காரன்னாலும் சரி, அப்பா வாரேன்."

"உங்களுக்குத்தான்ப்பா" என்றாள் கயல். "மொத அத்தியாயத்துலயே வாரீங்க. படிச்சிட்டுச் சொல்லுங்க. நான் இங்கனதான் நிக்கேன்."

அட்டையில் 'இடது காது' என்று இருந்தது. அவர் கண்ணாடியை மாட்டினார். உட்காரவில்லை. நின்றுகொண்டே படித்தார். எனக்கு அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஞாபகம்தான் வந்தது. படி அண்ணாச்சி, நின்னு படி, ஒரு காப்பி வரச்சொல்லு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவர் பக்கம் திருப்பினார். இன்னொரு பக்கம் திருப்பினார். காதர் எதையோ உணர்ந்து மெஷினை நிறுத்தினார்.

அந்த அத்தியாயத்தை நான் பிற்பாடு படித்தேன். மைனி கூழ்வத்தல் காயப்போட்டிருக்கிறார். மொட்டை மாடியில் விரிக்க, மேஜைக்கு அடியில் கிடந்த தாள்களை எடுத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் அச்சகம் வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் அடித்துக் கழித்த தாளில்தான் வத்தல் காயும். ஆனால் அன்றைக்கு எடுத்தது கழிவுத் தாள் இல்லை, திருத்தி முடித்த புரூஃப். அண்ணாச்சி மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, தைத்து வைத்திருந்த ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து மைனியின் இடது கன்னத்தோடு சேர்த்து அடித்திருக்கிறார். ஒருமுறை இல்லை. காதிலிருந்து ரத்தம் வரும்வரை. கயல் அப்போது சின்னப் பிள்ளை, மேஜைக்கு அடியில் இருந்திருக்கிறாள். வத்தலுக்கு விரித்தது எந்தப் புத்தகத்தின் புரூஃப் என்றால், அண்ணாச்சி முதல் பல்லைக் கொடுத்தாரே, அந்தக் கவிதைத் தொகுப்பு. பல் போனதை ஊரே பேசியது. அதே புத்தகத்துக்குக் காது போனது எங்கள் யாருக்கும் தெரியாது.

அண்ணாச்சி புத்தகத்தை மூடினார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அந்த நிதானத்தைப் பார்த்து நான் தப்பாக நினைத்துவிட்டேன். மறு நிமிஷம் புறங்கையால் மகளின் வாயில் அடித்தார். கயல் சுழன்று போஸ்டர் அடுக்கின்மேல் விழுந்தாள். மண்ணின் மைந்தர்கள் சரிந்து தரையெல்லாம் பரவினார்கள். எழுந்திருக்கப் பார்த்தவளை மறுபடி அடித்தார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். என்னை உதறிய உதறலில் தாள் வெட்டுகிற மெஷினில் போய் மோதி முழங்கை பிளந்துகொண்டது. காதர் பின்னாலிருந்து அவரை இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்தார். அவர் கால் மட்டும் மகளை நோக்கி எற்றிக்கொண்டிருந்தது. வாயிலிருந்து ஒரு ஓலம் வந்தது.

கயல் தாள்களைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஓடவில்லை. முதலில் நின்ற அதே இடத்துக்கு வந்து நின்றாள். உதடு கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது. அதைத் துடைக்காமல் அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கேன்."

அவர் கால் நின்றுவிட்டது. காதர் கையை எடுத்தார். அண்ணாச்சி அப்படியே நின்றார். ஓங்குவதற்கு ஒரு கை இருந்தது, அது ஓங்கவில்லை. பல் இல்லாத வாய் திறந்து திறந்து மூடியது. மிச்சப் பக்கமும் படிங்க என்று இவர் சொன்னபோது ஒன்றியத்தின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகம்தான் இப்போது அவருக்கு இருந்தது.

திரை விலகியது. மைனி வந்து நின்றார். சத்தத்துக்கு வந்தாரா, தரை அதிர்ந்ததற்கு வந்தாரா தெரியாது. மகளைப் பார்த்தார், சிதறிக் கிடந்த தாள்களைப் பார்த்தார். கயல் நின்றது மைனியின் இடது பக்கம். அவள் குரல் மட்டும் எட்டியிருக்கும், சொன்னது காதில் விழவில்லை.

"என்ன சொல்லுதா பிள்ள?" என்று பொதுவாகக் கேட்டார்.

அண்ணாச்சி மேஜையைச் சுற்றிக்கொண்டு நடந்தார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்து நான் ரத்தம் வடிகிற கையோடு குறுக்கே போனேன். என்னைத் தள்ளவில்லை, விலகிப் போனார். மைனிக்கு வலது பக்கம் போய் நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் அந்தப் பக்கம் போய் நின்று நான் பார்த்ததே இல்லை. குனிந்து, கத்தாமல், அந்தக் காதில் சொன்னார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கா."

மைனி தலையை ஆட்டினார். மகளிடம் போய் முந்தானையால் அவள் உதட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிறகு, உள்ளே கூட்டிக்கொண்டு போகும்போது, திரையை ஒரு கையால் விலக்கியபடி அவரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"நான் சொல்லச் சொல்லத்தான எழுதுனா."